பரத்பூர் போய் வந்தோம்

தலைநகரில் வாழும் நம்மவர்களுக்கு விடுமுறை வந்தால் போகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. ஞாயிற்றுக்கிழமை என்றால் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் குதுப் மினாரும் செங்கோட்டையும். கையில் சற்றுக் காசு சேர்ந்தால் ஆக்ரா அல்லது ஹரித்வார். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் ‘பறவை பார்க்கப் போகிறோம்’ என்று நாம் சொன்னபோது, முனிர்காவில் நமது சந்தில் குடியிருக்கும் அன்பர்கள் சிரித்துவிட்டார்கள். “மொட்டை மாடியில் இல்லாத புறாவா?” என்று ஒருவர் கேட்டார். நமது இல்லத்தரசியும், அந்தப் பணத்தில் இரண்டு குழந்தைகளுக்கும் குளிர்காலச் சட்டை வாங்கிவிடலாமே என்றுதான் முதலில் சொன்னாள்.

ஆயினும் நாம் புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நமது அன்னையார் காலமான பின், ஊரில் தனியே இருந்த தந்தையாரை நாம் முனிர்காவுக்கு அழைத்து வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எழுபது வயதைக் கடந்தவர். செங்கற்பட்டுச் சீமையில், ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டே வாழ்ந்தவர். இங்கே மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். இந்தி அவருக்குத் தெரியாது. கீழே இறங்கினால் நெரிசலில் நிற்க இடமில்லை. நாளாக ஆக அவருடைய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்பார், அவ்வளவுதான். குழந்தைகளும் தாத்தாவிடம் போவதை விட்டுவிட்டார்கள். அச்சமயத்தில் ஏழாம் வகுப்பில் படிக்கும் நமது மகளுக்குப் பள்ளியில் நீர்நிலைகளைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். அவள் தன் வாழ்நாளில் ஓர் ஏரியைக் கரையில் நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. ஒரே பயணத்தில் இரண்டு காரியமும் ஆகட்டும் என்று பரத்பூருக்கு டிக்கெட் எடுத்தோம்.

போகும் வழி

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் எழுதும் கட்டுரையில் வழி விவரம் இல்லாவிட்டால் அன்பர்கள் மன்னிக்கமாட்டார்கள். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பரத்பூர் ராஜஸ்தானத்தின் கீழ்க்கோடியில், ஆக்ராவுக்கு மேற்கே சுமார் 55 கிலோமீட்டரில் உள்ளது. டில்லியிலிருந்து மதுரா வழியாகக் கோட்டா, பம்பாய் செல்லும் அகல ரயில் பாதையில் மதுராவை அடுத்து வரும் பெரிய சந்திப்பு அதுவே. நிஜாமுதீனிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பிரயாணம். அமிருதசரசுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடும் கோல்டன் டெம்பிள் மெயில் இப்பாதையில்தான் செல்கிறது. 1928-ல் பம்பாயிலிருந்து பெஷாவர் வரை ஓடத் தொடங்கிய புகழ்பெற்ற பிராண்டியர் மெயில்தான் இது. 1996-ல் இப்பெயர் பெற்றது.

முனிர்காவிலிருந்து நிஜாமுதீன் செல்ல மெட்ரோவும் உண்டு. கால்காஜி மந்திரிலும் லாஜ்பத் நகரிலும் வண்டி மாறவேண்டும். அதிகாலை வண்டிக்குச் செல்வோர் ஆட்டோவை நம்புவதே உசிதம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் இப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். ஆகவே குழந்தைகளோடு செல்வோர் நவம்பரிலோ பிப்ரவரியிலோ செல்வது நலம். நாம் நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டு, அன்றிரவு சரணாலய வாயிலுக்கு வெளியே ஒரு சிறு விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பினோம்.

ஸ்டேஷனிலிருந்து சரணாலயம் ஐந்தாறு கிலோமீட்டர். வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கவேண்டும். சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை திறந்திருக்கும். உள்ளே செல்ல ரிக்ஷா உண்டு. வாடகைச் சைக்கிள் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக நமது கால்கள் உண்டு. ரிக்ஷா ஓட்டுபவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காட்டப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். நமக்கு வாய்த்த பெரியவர் அறுபதை நெருங்கியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர்.

பெயரும் பிறப்பும்

சரணாலயத்தின் நடுவே ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குக் கேவலாதேவ் என்று பெயர். அதனால்தான் இக்காட்டுக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா என்ற பெயர் வந்தது. இதைக் கேட்டவுடன் நமது சின்னவன், “கேவலமான சாமியா அப்பா?” என்று கேட்டுச் சிரித்தான். வடமொழியில் கேவலம் என்றால் தனித்தது, கலப்பற்றது என்று பொருள். தமிழில்தான் அச்சொல் இறங்கிப்போய்விட்டது என்று விளக்கினோம். தாத்தா அப்போதும் பேசவில்லை.

இக்காடு முழுவதும் இயற்கையாக அமைந்ததன்று. பரத்பூர் இருப்பது ஒரு தாழ்வான நிலம். கம்பீர், பாண்கங்கை என்னும் இரண்டு ஆறுகளின் மழைக்கால வெள்ளம் அங்கே பாயும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட ஜாட் அரசர் சூரஜ்மல், அஜான் பந்த் என்னும் அணையை எழுப்பி அவ்வெள்ளத்தைத் தடுத்தார். அணைக்கு மண் எடுத்த பள்ளமும் இயற்கையான தாழ்வும் சேர்ந்து நீர் தேங்கியது; நீர் தேங்கிய இடத்தில் பறவைகள் இறங்கின. அதே பரத்பூரின் மண்கோட்டைதான் 1805-ல் ஆங்கிலத் தளபதி லேக் பிரபுவின் தாக்குதலை நான்கு முறை தாங்கி நின்றது. 1826-ல்தான் அது வீழ்ந்தது.

பின்னர் வந்த அரசர்கள் மதகுகளும் கரைகளும் அமைத்து நீரைப் பகுதி பகுதியாக நிறுத்தினார்கள். பறவைகளின் மீதுள்ள அன்பினால் அன்று, அவற்றைச் சுடுவதற்காக. 1902-ல் வைஸ்ராய் கர்ஸன் பிரபு வந்து வேட்டையைத் தொடங்கி வைத்தார். அதன் பின் வந்த விருந்தினர்களின் பெயர்களும், அவர்கள் சுட்ட பறவைகளின் எண்ணிக்கையும் கோயிலருகே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபுவும் அவருடைய கூட்டத்தாரும் ஒரே நாளில் வீழ்த்தியவை 4,273. நமது மகள் அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, “இவ்வளவையும் யார் சாப்பிட்டார்கள்?” என்று கேட்டாள். கல்லில் அதற்கு விடை இல்லை.

சுதந்திரத்துக்குப் பின், அந்நீர்ப் பரப்பை வடித்து வயலாக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. பறவையியல் அறிஞர் சலீம் அலி முதலியோர் அதைக் காக்க முயன்றார்கள். 1956-ல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. ஆயினும் அரசருக்கு உரிய வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981-ல் ராம்சார் ஒப்பந்தத்தில் இடம் பெற்று, 1982-ல் தேசியப் பூங்காவாகி, 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியையும் அடைந்தது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். இதற்குள் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

தாத்தா பேசினார்

ஞாயிறு விடியற்காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில் உள்ளே சென்றோம். இருபுறமும் நீர்; நீரில் கருவேல மரங்கள்; மரங்களின் மேல் கூடு கூடாக மஞ்சள் மூக்கு நாரைகள். குஞ்சுகள் போட்ட கூச்சலில் நாம் பேசியது நமக்கே கேட்கவில்லை. ரிக்ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, கரையில் நின்றிருந்த ஒரு பறவையைக் காட்டி இந்தியில் ஏதோ பெயர் சொன்னார்.

“நத்தைக்குத்தி” என்றார் தந்தையார்.

நாம் திரும்பிப் பார்த்தோம். அவர் வண்டியை விட்டு இறங்கியிருந்தார். “அலகு நடுவுல சந்து இருக்கு பாரு. நத்தையை அதுல வெச்சுத்தான் எடுக்கும். நம்ம ஊர் ஏரியில இருக்கிறதுதான்” என்று பேத்தியிடம் சொன்னார். பிறகு நிற்கவில்லை. கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்தியது பாம்புத் தாரா. சிறகை விரித்து வெயில் காய்ந்தது நீர்க்காகம். அலகை இருபுறமும் வீசி நீரைத் துழாவியது கரண்டிவாயன். கிளையில் தூங்கி வழிந்தது வக்கா. தாத்தா தமிழில் சொல்ல, ரிக்ஷாக்காரர் இந்தியில் சொல்ல, குழந்தைகள் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும் இருவரும் ஒரே பறவையைக் காட்டியபோது தகராறு ஏதும் வரவில்லை.

நமது ஊரிலிருந்து வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. அங்கே பறவைகளைக் காத்தவர்கள் அரசர்கள் அல்லர், குடியானவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து சுட்டபோது ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலம் உறுதி செய்தார். எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவற்றையெல்லாம் சிறு வயதில் நமக்குச் சொன்னவர் தந்தையார்தான். நமது குழந்தைகளுக்கு நாம் சொல்லியிருக்கவில்லை.

மாடும் மதிலும்

சிறிது தூரம் சென்றதும், நீர் தெரியாதபடி புல் அடர்ந்த ஓரிடம் வந்தது. தந்தையார் நின்று பார்த்துவிட்டு, “இங்க மாடு மேய்க்க விடறதில்லையா? மாடு இறங்காத ஏரி தூர்ந்து போயிடுமேப்பா” என்றார்.

அவர் அறியாமல் சொன்ன அச்சொல்லில் அந்தச் சரணாலயத்தின் மிகப் பெரிய வழக்கே அடங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுற்றுக் கிராமத்தாரின் எருமைகள் அங்கேதான் மேய்ந்து வந்தன. 1982-ல் தேசியப் பூங்காவானதும், மேய்ச்சல் அறவே தடை செய்யப்பட்டது. மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தார்கள். தடை பறவைகளுக்கு நன்மை செய்யும் என்றே அறிஞர்களும் அன்று நம்பினார்கள். ஆனால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980-களில் பத்தாண்டுகள் அங்கே ஆராய்ந்தபோது நேர்மாறான உண்மை வெளிப்பட்டது. எருமைகள் இல்லாமற்போகவே நீர்ப்புல் தடையின்றிப் பரவி, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மீன்களுக்கும் பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. பின்னர் கிராமத்தார் புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். போன உயிர்கள் திரும்பவில்லை.

நாம் இதை மொழிபெயர்த்துக் கேட்டபோது ரிக்ஷாக்காரர் சற்று நேரம் பேசாமல் வண்டியைத் தள்ளினார். பிறகு, “எங்கள் வீட்டிலும் அப்போது ஏழு எருமைகள் இருந்தன. விற்றுவிட்டோம். நான் ரிக்ஷாவுக்கு வந்தேன்” என்று மட்டும் சொன்னார். தந்தையார் அவருடைய தோளில் கை வைத்தார்.

இது பரத்பூருக்கு மட்டும் உரிய கதையன்று. ஆப்பிரிக்காவின் புகழ் வாய்ந்த குரூகர் வனவிலங்குப் பூங்காவின் வரலாறும் இத்தகையதே. 1898-ல் சாபி காப்பகமாகத் தொடங்கிய அதற்கு மக்களின் ஆதரவைத் தேடித் தந்ததில் ரயிலுக்குப் பெரும் பங்குண்டு என்பதை நமது இலாகாவின் பெருமைக்காகக் குறிப்பிடுகிறோம். 1923-ல் தென்னாப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் உல்லாசப் பிரயாணம் ஒன்றை நடத்தியது. வண்டி இரவில் அக்காட்டினிடையே நின்றது. பிரயாணிகளுக்கு மற்ற ஊர்களைவிட அந்தக் காட்டு இரவே பிடித்துப்போயிற்று. 1926-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் 1969-ல் அதன் வடகோடியில் வாழ்ந்த மாக்குலேக்கே மக்கள் நிலத்தை விட்டு அகற்றப்பட்டார்கள். 1998-ல் அந்நிலம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. கிடைத்த நிலத்தை அவர்கள் உழவில்லை. காடாகவே வைத்துக்கொண்டு அதன் வருவாயில் பங்கு பெறுகிறார்கள். வேடந்தாங்கல் குடியானவருக்கும் இவர்களுக்கும் இடையே கடல் இருக்கிறது. கருத்தில் தூரம் இல்லை.

வாராத விருந்தினர்

நிற்க. பரத்பூரின் புகழுக்கு ஒரு காலத்தில் காரணமாயிருந்தது சைபீரியக் கொக்கு. தூய வெண்ணிறம், சிவந்த முகம், மேற்குச் சைபீரியாவின் ஓப் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆப்கானிஸ்தானத்தைக் கடந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே வரும். 1960-களில் சுமார் இருநூறு வந்தன. ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2002-ல் ஒரு ஜோடி மட்டும் காணப்பட்டது. அதன் பிறகு வரவில்லை. வழியில் வேட்டை, நீர்நிலைகளின் அழிவு என்று காரணங்கள் பல.

இதில் நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. இக்கொக்குகளுக்கு வழி பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சு தன் முதற்பயணத்தில் தாய் தந்தையரோடு பறந்துதான் வழியைக் கற்கிறது. 1990-களில், வளர்ப்புக் கொக்குகளைக் கொண்டுவந்து காட்டுக் கொக்குகளோடு சேர்த்து, வழி பழக்க முயன்றார்கள், பலிக்கவில்லை. பெரியவை போய்விட்டால் வழியும் போய்விடுகிறது. இதை நாம் படித்துக் காட்டியபோது நமது இல்லத்தரசி குழந்தைகளைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய கவலை நீர். கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை எழுந்தபின் பரத்பூருக்கு வரும் வெள்ளம் நின்றது. 2004-ஐ ஒட்டிய வறட்சி ஆண்டுகளில் சரணாலயம் காய்ந்து கிடந்தது. அந்த வெற்றிடத்தில் நம் நாட்டுப் பக்கம் தொல்லை தரும் அதே சீமைக்கருவேலம் பரவியது. கிராமத்தாரைக் கொண்டே அதை வெட்டி அகற்றினார்கள். 2012-ல் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் மூலம் நீர் கொண்டுவரும் திட்டம் முடிந்தது. சம்பல் ஆற்று நீரும் வருகிறது. ஆண்டுக்குத் தேவை சுமார் 550 மில்லியன் கன அடி. காவிரிக் கணக்கில் சொன்னால் அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். மேலே அணை கட்டியவனும் உழவன்தான். அவனுக்கும் தாகம் உண்டு. இதைக் கேட்ட தந்தையார், “அந்தப் பஞ்சாயத்து எல்லா ஊர்லயும் இருக்கு” என்றார்.

திரும்பி வந்தபின்

மாலை வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கட்டிச் சென்ற புளியோதரையை ரிக்ஷாக்காரருக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம். அவர் வழியனுப்ப ஸ்டேஷன் வரை வந்திருந்தார், கூலி வாங்க மறுத்தார், தந்தையார் விடவில்லை.

வீடு திரும்பியபின் நமது மகள் ஒரு பெரிய தாளில் இருபத்தாறு பறவைகளின் பெயர்களை எழுதி எதிர்வீட்டுச் சுவர் தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தமிழில் ஒரு வரிசை, இந்தியில் ஒரு வரிசை. தமிழ் வரிசை முழுவதும் தாத்தா சொன்னது. பள்ளியில் அவளுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பதைக் கேட்க நாம் மறந்துவிட்டோம்.

சில நாட்கள் கழித்துத் தந்தையார் நம்மை அழைத்து, தாம் ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, தெளிவாகச் சொன்னார். “உன்மேல குறை இல்லப்பா. அங்க ஏரி இருக்கு. எனக்கு வேலை இருக்கும். தை மாசம் பிள்ளைங்களுக்கு லீவு விடுவாங்க இல்ல, அப்ப அனுப்பி வை. வேடந்தாங்கல்ல அப்பத்தான் பறவை நிறைய இருக்கும்.” நமக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. தனியே எப்படி இருப்பார் என்ற கவலை இன்னும் தீரவில்லை. ஊரில் இருக்கும் நமது தமக்கையார் தினமும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் எட்டு மாதங்களில் அவர் நம்மிடம் கேட்ட முதல் காரியம் அது என்பதால் மறுக்க மனம் வரவில்லை.

அன்பர்களே! பரத்பூர் செல்ல உங்களுக்கு வேண்டியது இரண்டு நாள் விடுமுறையும் ஒரு சாதாரண வகுப்பு டிக்கெட்டும்தான். உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பெரியவர் இருந்தால் அவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டிப் புத்தகம் வாங்கும் செலவு மிஞ்சும். நாம் அடுத்த ஜனவரி விடுமுறைக்கு நமது குழந்தைகளை ஊருக்கு அனுப்ப இருக்கிறோம். முன்பதிவு நவம்பரில் திறக்கும். தேதியை நாட்காட்டியில் குறித்தாகிவிட்டது.